மூன்றாவது சிப்பாய்

பல்கலைக்கழகத்தில் நான் பொருள்நோக்கு நிரலாக்கம் படித்த பருவத்தில், என்னோடு ஒரே கணினியில் உட்கார்ந்தவனுடைய வலக்கை விரல்களைப் பொலிஸ் நிலையத்து மேசையில் வைத்து நசுக்கினார்கள். இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை. அந்தப் பாடத்துக்காக நாங்கள் இருவரும் எழுதிய ஒரு சின்னப் புரோகிராம்தான் காரணம். இதை மெல்ல மெல்ல அவிழ்த்துச் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. அன்றைக்கும் கிடையாது.

இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே படித்து முடிக்கிற அறிமுகப் பாடம் அது. எங்களுக்கோ அது வாழ்வா சாவா என்ற விஷயம். முதலாம் வருடத்தில் அதில் நல்ல புள்ளி எடுத்தவர்களுக்குத்தான் கணினித் துறையில் இடம். கணினி அறையில் இயந்திரங்கள் குறைவு. தூசு படக்கூடாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். பதிவிலக்க வரிசைப்படி இரண்டு பேருக்கு ஒரு கணினி. ஒருவர் சொல்ல மற்றவர் தட்ட வேண்டும். பாதி நேரத்தில் முறை மாறும். தட்டுகிறவர் தன் பாட்டுக்கு ஓர் எழுத்தும் தட்டக்கூடாது, சொல்கிறவர் கீபோர்டில் கை வைக்கக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த இளம் விரிவுரையாளர். சிங்களவர், மெல்லிய குரல்காரர். சட்டத்தில் மட்டும் கல்லு மாதிரி நின்றார்.

பதிவிலக்கம் என்னை ஒரு யாழ்ப்பாணத்துப் பையனோடு கோத்துவிட்டது. நான் மலையகத்தில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கண்டியில் சித்தி வீட்டில் தங்கி, பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய் வந்தேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவனுக்கு அதில் ஒரு சொல்லும் வராது. ஆங்கிலம் மட்டும் அச்சடித்ததுபோல வரும்.

முதல் நாளே அவன் என்னைப் பார்த்து, "நீர் தட்டும், நான் சொல்லுறன்" என்றான்.

"என்னாங்க நீர்? எங்க வீட்டுல ஜெபம் பண்றப்போ கடவுளைத்தான் நீர்ன்னு கூப்பிடுவோம்."

"அப்ப உம்மை எப்பிடிக் கூப்பிடுறது?"

"நீங்கன்னு கூப்பிடுங்க. காசா பணமா?"

அவன் சிரித்துவிட்டு, "சரி, நீங்கள் தட்டும்" என்றான். அந்தப் பருவம் முடியும்வரை நான் பாதிக் கடவுளாகவே இருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் அவன் அடி வாங்கினான். கண்டியிலிருந்து போகும்போது மகாவலிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி. சென்றி என்போம். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, மறுபக்கம் நடந்துபோய் ஏறச் சொல்வார்கள். அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய் அவனுடைய அட்டையைப் பார்த்தான். பிறந்த இடத்தை வாசித்தான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். இவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். சொல்லி வாய் மூடவில்லை, துப்பாக்கியின் அடிக்கட்டை வந்து இவனுடைய தாடையில் இறங்கியது. இவன் விழுந்தான். விழுந்தவனுடைய வயிற்றில் பூட்ஸ் கால் போனது, பிறகு இன்னொரு முறை, பிறகு காதோடு சேர்த்து. சத்தம் என் ஞாபகத்தில் அப்படியே இருக்கிறது. ஈரச் சாக்கைத் தரையில் போடுகிற சத்தம். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் சிங்களத்தில் கத்தினேன். பல்கலைக்கழக மாணவன், என்னோடு படிக்கிறவன், விடுங்கள் என்று. இன்னொரு சிப்பாய், வயதானவன், ஓடிவந்து அடித்தவனைப் பின்னால் இழுத்தான். இழுத்தபடியே என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அவனைக் கூட்டிக்கொண்டு போ. இவனுடைய தம்பியின் சவப்பெட்டி போன கிழமைதான் வீட்டுக்கு வந்தது" என்றான். அடித்தவனுடைய கண்கள் சிவந்து கிடந்தன. அவனுக்கும் எங்கள் வயதுதான்.

பாலத்தில் நடந்தபோது அவன் இரத்தத்தைத் துப்பிக்கொண்டே, அந்தக் கிழவன் என்ன சொன்னான் என்று கேட்டான். சொன்னேன். அவன் திரும்பிச் சாவடியைப் பார்த்தான். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. "தம்பி செத்தா இவன் வந்து உங்க தாடையை உடைப்பானா? நீங்களா கொன்னீங்க?" என்று அவனிடமே எரிந்து விழுந்தேன். அடித்தவனிடம் காட்ட முடியாத கோபம் அடிபட்டவனிடம்தான் போகும்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தின்போது நான் சின்னப் பிள்ளை. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளின் ஒரு பக்கத்துக்குத் தீ வைத்துவிட்டு ஆட்கள் பொல்லுகளோடு இறங்கிப் போகும்வரை அம்மா என்னைத் தேயிலைச் செடிக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தாள். நான் அழாமல் இருக்க என் வாயைப் பொத்தியிருந்தாள். மூச்சு முட்டி நான் அவளுடைய கையைக் கடித்தேன். கடித்த தழும்பு அவளுடைய பெருவிரலுக்குக் கீழே சாகும்வரை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று வெட்டுப்பட்டு வாசலிலேயே செத்துப்போனார். அவருடைய இரத்தம் காய்ந்த படியைத் தாண்டித்தான் நாங்கள் திரும்பி வீட்டுக்குள் போனோம். வளர்ந்தபோது இதை யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு அன்றிலிருந்தே பிடிக்காத காரியம்.

பாடத்துக்கு வருகிறேன். கிளாஸ் என்றால் அச்சு, அதில் வார்த்து எடுப்பது ஒப்ஜெக்ட் என்று விரிவுரையாளர் விளக்கினார். எங்கள் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்குச் சுடும் அச்சுப் பலகாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு இன்னொன்று சொன்னார். ஒரு பெரிய அச்சிலிருந்து சில சிறிய அச்சுகள் பிறக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்தாலும் ஒவ்வொன்றும் தன் குணப்படி வேறு வேறாக நடந்துகொள்ளும். மிருகம் என்ற அச்சு, அதிலிருந்து மாடு, நாய். 'சத்தமிடு' என்றால் ஒன்று கத்தும், மற்றது குரைக்கும். இந்தப் பாடத்தின் உயிரே இதுதான் என்றார்.

பருவக் கடைசியில் ஒவ்வொரு குழுவும் ஒரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். "கண்ணை மூடிக்கொண்டு நடமாடக்கூடிய அளவுக்கு உங்களுக்குப் பழக்கமான ஓர் இடத்தை எடுத்து எழுதுங்கள்" என்றார். நூலகம், வங்கி, கிரிக்கெட் மைதானம் என்று எல்லாரும் எடுத்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவனுடைய தாடை அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

"நாங்கள் சென்றியை எழுதுவம்" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றுவரை இதற்காக நான் வருந்தியதில்லை. படித்த பிள்ளைகளுக்கு இவ்வளவு புத்தி இல்லையா என்று பிறகு சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். வேறு எதை எழுத?

சிப்பாய் ஒரு பெரிய அச்சு. அதிலிருந்து மூன்று பேர். பழையவன், அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வான். புதியவன், பயத்தில் பையைத் திறக்கச் சொல்வான். மூன்றாவது, தம்பியை இழந்தவன். அவன் அடிப்பான். மூவருக்கும் கொடுக்கும் கட்டளை ஒன்றே: 'சோதனை செய்'. எந்த நேரத்தில் யார் காவலில் நிற்பான் என்பதைக் கணினியே குருட்டாம்போக்கில் தெரிவு செய்யும். பாலத்திலும் அப்படித்தானே. மூன்றாமவனைச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் அவன்தான். "அடிக்கிறவன் எண்டு மட்டும் எழுதினால் பிழை. ஏன் அடிக்கிறான் எண்டதும் அவன்ர பேரிலேயே இருக்கவேணும்" என்றான். தன் தாடையை உடைத்தவனுக்காக அவ்வளவு கவனமாகப் பெயர் தேடியவனை நான் வேறு எங்கும் கண்டதில்லை. எனக்கு அது எரிச்சலாகவும் இருந்தது.

பயணிகளை எழுதும்போது பெரிய சண்டை. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று அவன் மூன்று அச்சுப் போட்டான்.

"நான் எங்க இதுல?"

"தமிழர் எண்டதுக்குள்ள நீரும்தானே."

"நாங்க வேறங்க. எங்க அட்டையில ஊர் வேற, எங்க கதை வேற. எங்களைத் தனியாப் போடுங்க."

"போடலாம். ஆனால் சென்றியில நிக்கிறவன் தமிழோ எண்டுதான் பாப்பான். அவனுக்கு உம்மட வித்தியாசம் தெரியாது."

"உங்களுக்கும் தெரியலையே" என்றேன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு மிச்ச நேரம் சட்டப்படி அவன் சொல்ல நான் தட்டினேன், வேறு பேச்சில்லை. மறுநாள் வந்ததும் தமிழர் என்ற அச்சின் கீழே மலையகத்துக்கு ஒன்றும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய அச்சுகளைச் சொல்லித் தட்டவைத்தான். சிப்பாய் மட்டும் மேலே உள்ளதையே பார்ப்பான். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

எழுதுவதற்கு முன்பு எல்லாவற்றையும் தாளில் வரைய வேண்டும். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு இடையில் அம்புக்குறிகள். சிப்பாய், கேற், பஸ், வரிசை என்று பெட்டிகளுக்குள் நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன், என் எழுத்து அழகு என்பதால். அந்தத் தாளையும் புரோகிராம் இருந்த பிளொப்பியையும் அவன் தன் அறைக்குக் கொண்டுபோனான்.

காட்ட வேண்டிய நாள் நெருங்கியபோது கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் விடியும்போதே கண்டியில் தமிழ்ப் பொடியன்கள் தங்கியிருந்த அறைகளைச் சுற்றிவளைத்தார்கள். அவனும் அவனோடு தங்கியிருந்தவர்களும் சாரத்தோடு, வெறுங்காலோடு லொறியில் ஏற்றப்பட்டார்கள். மாலைக்குள் மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அவனுடைய அறைத்தோழன் சித்தி வீட்டைத் தேடி வந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. "அவனை விடமாட்டாங்கள். அவன்ர மேசையில சென்றியின்ர படம் இருந்ததாம். தாக்குதல் பிளான் எண்டு சொல்லுறாங்கள். அவன் கத்தினது எங்களுக்குக் கேட்டது" என்றான்.

அந்த நாட்களில் அப்படிப்பட்ட சந்தேகத்தோடு உள்ளே போனவன் வருடக்கணக்கில் கிடப்பான். சிலர் வரவே மாட்டார்கள். சித்தி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் போட்ட கூச்சலில் அவளே திறந்துவிட்டாள். நேரே விரிவுரையாளருடைய குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார், சட்டையை மாட்டிக்கொண்டார், மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பொலிஸ் நிலையத்தில் அவனைச் சுவரைப் பார்த்துத் தரையில் இருத்தியிருந்தார்கள். முதுகில் சேட் இரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் மூடியிருந்தான், பறவைக் குஞ்சை வைத்திருப்பதுபோல. என் குரல் கேட்டும் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்போலும்.

பொறுப்பதிகாரி, நரைத்த மீசைக்காரர், எங்களுடைய தாளை மேசையில் விரித்தார்.

"இது நான் கொடுத்த வீட்டு வேலை" என்றார் விரிவுரையாளர்.

"எங்களுடைய சாவடியை வரையச் சொல்லி வீட்டு வேலை கொடுத்தீர்களா?"

"நன்றாகத் தெரிந்த இடத்தை வரையச் சொன்னேன்."

"மற்றப் பிள்ளைகள் எதை வரைந்தார்கள்?"

விரிவுரையாளர் தயங்கினார். "நூலகம். வங்கி."

"பிறகு இவன் ஏன் இதை வரைந்தான்?"

"நூலகத்தில் யாரும் அவனை மிதிக்கிறதில்லையே" என்று நான் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

பொறுப்பதிகாரி முதன்முறையாக என்னைப் பார்த்தார். நீ யார் என்றார். இந்தப் படத்தில் பாதி நான், பெட்டிக்குள் இருப்பது என் கையெழுத்து என்றேன். ஒரு கான்ஸ்டபிள் என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். விரிவுரையாளர் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அந்த மெல்லிய குரல்காரர் அப்படி நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை.

"பிளொப்பியில் இருப்பதை ஓட்டிக் காட்டுகிறோம். உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் கணினி இல்லை. பொறுப்பதிகாரி யோசித்தார். "சரி. நீங்கள் சொல்வதுபோல இருந்தால் இவனைக் கூட்டிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் இவளும் இங்கேதான்."

மறுநாள் காலையில் ஜீப் கணினி அறை வாசலில் வந்து நின்றது. விலங்கு போட்டு அவனை இறக்கினார்கள். வெளிச்சத்தில்தான் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் வீங்கி, அது அவனுடைய முகமாகவே இல்லை. வலக்கை விரல்கள் கறுத்து, வாழைப்பழம்போல் உப்பியிருந்தன. விரிவுரையாளர் பழக்கதோஷத்தில், "சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பொறுப்பதிகாரி அவரை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்தார். காலுறையில் ஓர் ஓட்டை. அவனுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை.

நான் தட்டுகிற கதிரையில் உட்கார்ந்தேன். அவன் சொல்கிற கதிரையில். பிளொப்பியின் தகட்டை யாரோ நெம்பிப் பார்த்திருந்தார்கள். முதல் தடவை கணினி வாசிக்க மறுத்தது. "எடுத்துத் திருப்பிப் போடும்" என்றான் அவன். பல்லுக்கிடையில் வந்த அந்தக் குரல்தான் இரண்டு நாளில் நான் கேட்ட அவனுடைய முதல் சொல். திருப்பிப் போட்டேன். வாசித்தது.

நான்கு பயணிகள் வரிசையில் நின்றார்கள். சிங்களவர், முஸ்லிம், நான், அவன். எந்தச் சிப்பாய் வருவான் என்பது எங்கள் கையில் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய குருட்டாம்போக்கு இப்போது எங்கள் தலைமேல் நின்றது. விசையை அழுத்தினேன். பழையவன் வந்தான். போ, போ, போ, போ என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. பொறுப்பதிகாரி அவற்றை உதடசைத்து வாசித்தார். விரிவுரையாளர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இன்னொரு முறை."

புதியவன் வந்தான். முதல் இருவருக்கும் போ. எங்கள் இருவருக்கும் பையைத் திற. பொறுப்பதிகாரியின் மீசைக்குக் கீழே சிரிப்புப்போல ஒன்று வந்தது. "சரிதான். புதியவர்கள் இப்படித்தான்" என்றார். போதும் என்று சொல்வார் என்று நினைத்தேன். மாதாவே, போதும் என்று சொல்லட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"இன்னொரு முறை."

மூன்றாமவன் வந்தான். போ. போ. அடி. அடி.

அந்த வார்த்தைக்கு அகராதி தேவையில்லை. பொறுப்பதிகாரி குனிந்து, சிப்பாயின் பெயரைத் திரையில் விரலால் தொட்டார். யார் இவன் என்றார்.

"தம்பியை இழந்தவர்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுடைய ஆட்களின் குடும்ப விபரம் உங்களுக்கு யார் கொடுத்தது?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அடிக்கட்டை, பூட்ஸ், வயதான சிப்பாய் சொன்ன பெட்டி, எல்லாவற்றையும். என் குரல் உடைந்தது. பயத்தில் இல்லை, கோபத்தில். "அடி வாங்கினது இவர். அடிச்சவருக்காக இந்தப் பெயரை வைத்ததும் இவர்தான். நீங்கள் இவருடைய விரலை உடைத்துவிட்டீர்கள்" என்றேன்.

பொறுப்பதிகாரி திரையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு யாருக்கோ சொல்வதுபோல, "அந்தப் பையன் இப்போது இங்கே இல்லை. வடக்குக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்" என்றார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் மறுபடி பொலிஸ்காரருடைய முகமாக இருந்தது.

"இதை மாற்று. என்னுடைய பிரதேசத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை."

பக்கத்தில் அந்த வீங்கிய முகம் இருந்தது. ஒரு முழத் தூரத்தில். அதைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதரால் இதைச் சொல்ல முடிந்தது. எனக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கி அவருடைய தலையில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. என் கைகள் அசையவில்லை. சொல்கிறவர் சொல்லாமல் தட்டக்கூடாது. நான் அவனைப் பார்த்தேன்.

அவன் கண்ணை மூடினான். பிறகு அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொரு குறியையும் விடாமல், பரிசோதனை நாளில் சொல்வதுபோலச் சொன்னான். அடி இருந்த இடத்தில் போ. நான் தட்டினேன். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. விரல்களுக்கு இடம் தெரிந்திருந்தது.

பொறுப்பதிகாரி தானே விசையை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். யார் வந்தாலும், அடி இல்லை. "இப்போதுதான் சரி" என்றார். விலங்கைக் கழற்றச் சொன்னார். எங்களுடைய படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதில் வேறு ஏதாவது காட்டினீர்கள் என்று என் காதுக்கு வந்தால், அடுத்த முறை ஓட்டிப் பார்க்க வரமாட்டேன்." வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கட்டிக்கொண்டு போனார்.

அவனை ஆஸ்பத்திரியில் காட்டினோம். விரல்கள் எப்படி உடைந்தன என்று டொக்டர் கேட்டதற்குக் கதவு என்றான்.

காட்ட வேண்டிய நாளில் அவன் வலக்கையில் கட்டோடு வந்தான். வெளியே கேற்றில் ஒரு கான்ஸ்டபிள் நின்றான். எதற்காக நின்றானோ, எங்களைப் பார்க்கத்தான் நிற்கிறான் என்றே எனக்குப் பட்டது. அறையில் ஒவ்வொரு குழுவாகக் காட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் கடைசி. நான் ஓட்டினேன். போ, போ, போ, போ. விரிவுரையாளர் புரோகிராமைத் திறந்து வரி வரியாக வாசித்தார். மூன்றாவது சிப்பாயிடம் வந்ததும் நின்றார்.

"பழையவனும் இவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்" என்றார், மிக மெல்ல. "அப்படியானால் இவன் எதற்கு? இந்தக் கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும். புள்ளி இதற்குத்தான்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீங்களும் அன்றைக்கு இங்கேதானே நின்றீர்கள், சேர்!"

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

அவன் எழுந்தான். "அரக்கி இரும்" என்றான் என்னிடம்.

"வேணாங்க. வெளியில ஆள் நிக்கிறான். புள்ளி போனாப் போகுது."

"போன முறை நீர் தட்டினீர். இண்டைக்கு என்ர முறை."

சட்டம் சட்டம்தான். நான் நகர்ந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவள் நான். எனக்கு வாய் வரவில்லை. அவன் காத்திருந்தான். சொல்லாமல் ஓர் எழுத்தும் தட்டமாட்டான். கடைசியில் சொன்னேன். அந்த வரியை, ஒவ்வொரு குறியாக. அவன் இடக்கையின் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினான். போ இருந்த இடத்தில் அடி.

ஓட்டினான். பழையவன் வந்தான். நான்கு பேரும் போனார்கள். மறுபடி ஓட்டினான். மறுபடியும் பழையவன். பிறகு புதியவன். விரிவுரையாளர் போதும் என்று கையைத் தூக்கினார். அவன் பார்க்கவில்லை. அந்த அடி வரும்வரை அவன் நிறுத்தப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. வெளியே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. நான் கதவைப் பார்த்தேன், அவன் திரையைப் பார்த்தான், விசையை அழுத்தினான்.

போ. போ. அடி. அடி.

அவன் கையை எடுத்தான். விரிவுரையாளர் அந்த நான்கு வரிகளையும் வாசித்தார். பேனாவை எடுத்தார். அன்றைக்கு ஒவ்வொரு குழுவுக்கும் சொன்ன அதே வார்த்தையைத்தான் எங்களுக்கும் சொன்னார்.

"சரி. வேலை செய்கிறது."